‘நம்ம ஆளுதானே’ என்றோர் ஒப்பந்தம்

மலேசியத் தமிழ்ச் சூழலில் ஒரு புகைப்படக் கலைஞருக்கும் அவரை அமர்த்துபவருக்கும் இடையே போடப்படும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே வரிதான். “நம்ம ஆளுதானே, பார்த்துச் செய்ங்க.” புலனத்தில் வரும். கூடவே ஒரு கும்பிடும் வரும். எந்தத் தேதி, எந்த மண்டபம், எத்தனை மணிக்கு வரணும், முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேசப்படும். எடுத்த படத்தை யார், எங்கே, எத்தனை நாளைக்குப் பயன்படுத்தலாம் என்பது மட்டும் பேசப்படாது. அதை எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். “என்ன தம்பி, நமக்குள்ள பேப்பர்லாம் நீட்டுறீங்க?”

இந்தப் பேசாமைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நம்பிக்கை. என்னைக் கேட்டால் அதுவும் ஓர் ஒப்பந்தம்தான். அதன் விதிகள் நமக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன. இரண்டு தரப்பும் அதைப் படித்துப் பார்க்காமல் கைகுலுக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

விதிகள் எங்கே இருக்கின்றன? நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 26ஆவது பிரிவில். பதிப்புரிமை முதலில் படைத்தவருக்கே உரியது என்று அந்தப் பிரிவு நல்லபடியாகத்தான் தொடங்குகிறது. அடுத்த உட்பிரிவிலேயே காட்சி மாறிவிடுகிறது. ஒருவர் இன்னொருவரை அமர்த்தி ஒரு படைப்பைச் செய்து வாங்கினால், அதன் பதிப்புரிமை அமர்த்தியவருக்கு மாற்றப்பட்டதாகவே கருதப்படும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. நாம் ஒருபோதும் எழுதாத காகிதம் அந்தத் ‘தவிர’வுக்குள்தான் கிடக்கிறது.

அதாவது நீங்கள் ஒன்றுமே பேசாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் முழுவதும் காசு கொடுத்தவருக்குப் போய்விடுகிறது. எடுத்தவர் அதைத் தன் தொழில் பக்கத்தில் போட வேண்டுமென்றால்கூட அனுமதி கேட்க வேண்டும். “போட்டுக்கோங்க தம்பி” என்று வாயால் சொன்னால் போதுமா? பதிப்புரிமைக்கு உட்பட்ட செயலுக்குத் தரும் உரிமம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது 27ஆவது பிரிவு. உரிமை உங்கள் கையை விட்டுப் போவதற்கு மௌனம் போதும். அதில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்க எழுத்து வேண்டும். ‘நம்ம ஆளுதானே’ என்ற வரிக்குப் பின்னால் இருக்கிற பொடி எழுத்து இதுதான்.

இந்தச் சட்டப்படி இங்கே யாரும் வாழவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. நம் கல்யாணப் புகைப்படக்காரர்களில் பெரும்பாலோர் படம் தங்களுக்குச் சொந்தம் என்றே நம்புகிறார்கள். மாலை மாற்றிய சூடு ஆறுவதற்குள் படவரியில் ஏற்றிவிடுகிறார்கள். மணமக்களோ படம் தங்களுடையது என்று நம்புகிறார்கள். சட்டத்தின் கேள்வி வேறு: அமர்த்தியவர் யார்? பல வீடுகளில் பேசி முடித்து முன்பணம் கட்டுவது அப்பாவோ சித்தப்பாவோதான். மணப்பெண் கண் கலங்கி நிற்கும் படத்தின் உரிமையாளர் சித்தப்பாவாகவும் இருக்கலாம். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். நாளைக்கு அந்தப் படம் ஒரு நகைக்கடை விளம்பரத்தில் வந்து நின்றால் யார் யாரிடம் போய்க் கேட்பது என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஜொகூர் பாருவில் இருக்கும் ஒரு புகைப்படக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இந்தப் பக்கம் ஒரு கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு கல்யாணம். அதே கேமரா, அதே லென்ஸ், அதே ஆள். சிங்கப்பூரிலும் முன்பு அமர்த்தியவருக்கே உரிமை என்றுதான் இருந்தது. 2021இல் அவர்கள் புதிய பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் அங்கே அமர்த்தி எடுக்கப்படும் புகைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுத்தவரே முதல் உரிமையாளர். படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையும் அதே சட்டத்தில் வந்தது. ஆக, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு பாலத்தின் இரு முனைகளில், ஒரே மௌனத்துக்கு நேரெதிரான இரண்டு அர்த்தங்கள். இதற்குப் பிறகும் “நமக்குள்ள எதுக்குப் பேப்பர்” என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பேப்பர் ஏற்கெனவே இருக்கிறது, ஐயா. எந்தப் பக்கத்துப் பேப்பர் என்பதுதான் கேள்வி.

கல்யாணத்தை விடுவோம். இலக்கியத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கே அநியாயம் இன்னும் கொஞ்சம் நாசூக்காக நடக்கிறது.

என் நண்பன் ஒருவன் வார நாட்களில் தொழிற்சாலையில் டெக்னீஷியன், வார இறுதியில் கேமராவும் கையுமாக அலைபவன். ஒரு நூல் வெளியீட்டில் ஒரு மூத்த எழுத்தாளர் மேடைக்குக் கீழே யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததைப் படம் எடுத்தான். யாரும் அவனை அமர்த்தவில்லை, காசு தரவில்லை, அவனும் கேட்கவில்லை. மூலையில் சின்னதாகத் தன் பெயரைப் போட்டு முகநூலில் ஏற்றினான். ஆறு மாதத்துக்குள் அந்தப் படம் ஒரு நூலின் பின்னட்டையில் இருந்தது. ஒரு விழாப் பதாகையிலும் இருந்தது. இரண்டு இடத்திலும் மூலை வெட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு வந்த பதில்: “பெருமையா நெனச்சுக்க தம்பி, உன் படம் எங்கெல்லாம் போகுது பாரு.” போனது படம் மட்டும்தான், அவன் பெயர் போகவில்லை என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

யாரும் அமர்த்தாமல் எடுத்த படம் எடுத்தவனுக்கே சொந்தம். அதைக் கேட்காமல் எடுத்து அட்டையில் அச்சிடுவது மீறல். அமர்த்தி எடுத்த படமாகவே இருந்தாலும், உரிமை முழுவதும் உங்களுக்கே வந்திருந்தாலும், பெயரை வெட்டும் உரிமை அதில் வராது. படைத்தவரின் சம்மதம் இல்லாமல் அவர் பெயரைச் சொல்லாமலோ வேறொருவர் பெயரிலோ அவருடைய படைப்பை முன்வைக்கக் கூடாது என்று நம் சட்டத்தின் 25ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது. அதைத் தார்மிக உரிமை என்கிறார்கள். படத்தின் நட்டநடுவில் பெயரைப் போட்டுப் படத்தையே கெடுக்கும் புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி, படத்துக்குக் கீழே ஒரு வரியில் பெயர் போடுவது. கத்தரிக்கோல் எடுப்பதற்கு அது காரணமாகாது.

இதைச் செய்பவர்கள் யார் என்று பாருங்கள். தன் நாவலின் பி.டி.எஃப். ஏதோ ஒரு புலனக் குழுவில் சுற்றுகிறது என்று தெரிந்த அன்று, எழுத்தாளனின் உழைப்பு, வியர்வை, திருட்டு என்று முகநூலில் இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள்தான். அந்தப் பதிவு நியாயமானது. ஆனால் அந்தப் பதிவுக்கு மேலே வைத்திருக்கும் அவர்களுடைய முகப்புப் படத்தை எடுத்தவர் யார் என்று அவர்களுக்கே நினைவிருக்காது.

இந்த இரட்டை வேடம் நம்மிடம் மட்டும் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். 2015 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய இசைச் சேவையில் மூன்று மாத இலவசக் காலத்துக்குக் கலைஞர்களுக்குப் பணம் தருவதில்லை என்றபோது, டெய்லர் ஸ்விஃப்ட் திறந்த மடல் ஒன்று எழுதினார். ஆப்பிள் இறங்கி வந்தது. உலகமே கைதட்டியது. உடனே ஜேசன் ஷெல்டன் என்ற பிரிட்டிஷ் இசை நிகழ்ச்சிப் புகைப்படக்காரர் ஸ்விஃப்டுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். உங்கள் நிகழ்ச்சியைப் படமெடுக்க வருபவர்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். எடுத்தவர் அதை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும், உங்கள் தரப்போ காசு கொடுக்காமல் விளம்பரத்துக்குக் காலவரையின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் சுட்டிக்காட்டினார். அடுத்த மாதமே அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அவர்களிடம் சண்டை போட ஒரு காகிதமாவது இருந்தது. எந்த வரி அநியாயம் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. நம்மிடம் கும்பிடு போட்ட ஒரு புலனச் செய்தி மட்டுமே இருக்கிறது.

இதைப் பேச ஆரம்பித்தாலே சில வாதங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் வாதம்: “காசு கொடுத்து வாங்கிட்டேன், அப்புறம் என் இஷ்டம். தச்சர்கிட்ட மேசை வாங்கினா, அது மேல என்ன வைக்கிறேன்னு அவரா வந்து பார்க்கிறாரு?” இந்த வாதத்தை ஓர் எழுத்தாளர் சொல்லும்போது எனக்குத் திகைப்பாக இருக்கும். நீங்கள் ஒரு சிறுகதையை ஓர் இதழுக்குத் தருகிறீர்கள். சன்மானமும் வருகிறது. அதே இதழ் உங்களைக் கேட்காமல் அதைக் குறும்படமாக எடுத்து, பிறகு பாடநூலுக்கும் விற்றால், “காசுதான் கொடுத்தோமே” என்பதை ஏற்பீர்களா? மேசை ஒரே சமயத்தில் ஒரு வீட்டில்தான் இருக்க முடியும். கதையும் படமும் ஒரே சமயத்தில் ஆயிரம் இடங்களில் இருக்கும். அதனால்தான் அவற்றை விற்கும்போது எந்த இடத்துக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறேன். எங்கள் வரைபடங்களின் மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், எத்தனையாவது திருத்தம், எல்லாம் அதில் இருக்கும். இந்த வரைபடம் இன்ன நிறுவனத்துக்குச் சொந்தம், எழுத்துப்பூர்வ அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். டெண்டருக்கு மட்டும் அல்லது கட்டுமானத்துக்கு என்று ஒரு முத்திரையும் விழும். டெண்டர் முத்திரை உள்ள தாளைப் பார்த்துக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிவிட்டால் சைட்டில் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களைக் கேளுங்கள். எதற்காகத் தந்தோமோ அதற்கு மட்டும்தான் அந்தத் தாள். இதை அங்கே யாரும் அவநம்பிக்கை என்று சொல்வதில்லை. டத்தோக்கள்கூட முகம் சுளிக்காமல் அந்த முத்திரையை மதிக்கிறார்கள். அதே டத்தோ தன் பிறந்தநாள் விழாவுக்கு வந்த புகைப்படக்காரரிடம், “எல்லா ஃபைலும் குடுத்துடு, ரா ஃபைலோட” என்கிறார். வரைபடத்துக்கு இருக்கும் மரியாதை படத்துக்கு இல்லாமல் போனதற்குக் காரணம், வரைபடம் போடுகிறவரைப் பின்னால் ஒரு நிறுவனம் தாங்கி நிற்கிறது, படம் எடுக்கிறவர் தனியாக நிற்கிறார் என்பதுதான்.

இரண்டாவது வாதம்: “இதெல்லாம் பெரிய நாட்டுப் பெரிய ஆட்களுக்கு.” சரி, ஒரு பெரிய ஆளின் கதையையே பார்ப்போம். லின் கோல்ட்ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1981இல் பாடகர் பிரின்ஸைப் படமெடுத்தார். 1984இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் அந்தப் படத்தைப் பார்த்து ஓர் ஓவியம் வரைந்து வெளியிட 400 டாலருக்கு உரிமம் வாங்கியது. ஒரு முறை மட்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஓவியத்தை வரைந்தவர் ஆண்டி வார்ஹால். அவர் ஒன்றோடு நிற்காமல் அதே படத்திலிருந்து பதினாறு ஆக்கங்கள் செய்துவிட்டார். 2016இல் பிரின்ஸ் இறந்ததும் அந்த இதழின் தாய் நிறுவனம் அவற்றில் இன்னொன்றைச் சிறப்பிதழ் அட்டையில் போட்டு, வார்ஹால் அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 மே மாதம், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

வார்ஹாலின் கலை பெரியதா இல்லையா என்பது வேறு விவாதம். நான் பார்ப்பது அந்த 400 டாலர் காகிதத்தை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான ஓவியர்களில் ஒருவருடைய அறக்கட்டளையின் எதிரே நின்று, “நான் ஒரு முறைக்குத்தான் தந்தேன்” என்று அவரால் சொல்ல முடிந்தது. நம் ஊரில் அவர் படம் எடுத்திருந்தால் அந்தக் காகிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது வாதம்தான் எனக்குப் பிடித்தது: “நம்ம இயக்கத்துக்கிட்ட ஏது காசு?” உண்மை. வெளியீட்டு விழாவில் மொய் மாதிரி விற்கும் நூல்களை வைத்து மண்டப வாடகையே கட்ட முடியாத இயக்கங்கள் இருக்கின்றன. ஆனால் உரிம ஒப்பந்தம் காசு பிடுங்கும் கருவி என்று யார் சொன்னது? கையில் காசு குறைவாக இருப்பவருக்குத்தான் அது அதிகம் உதவும். கிள்ளானில் ஒரு சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முகநூலில் மட்டும் போட, மூன்று மாதத்துக்கு என்றால் ஒரு விலை. நெடுஞ்சாலை விளம்பரப் பலகைக்கும் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு என்றால் வேறு விலை. எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்துக் கேட்கும்போது ஒன்று கடைக்காரர் அதிகம் கொடுக்க வேண்டும், அல்லது புகைப்படக்காரர் நஷ்டப்பட வேண்டும். இயக்கத்துக்கு இலவசமாகத் தருவதானால் அதையும் எழுதலாம்: இந்த நிகழ்ச்சிச் செய்திக்கும் ஆண்டு மலருக்கும் மட்டும், கட்டணம் 0 ரிங்கிட், பெயர் கட்டாயம். தானம் செய்கிறவனுக்கும் தான் எதைத் தானம் செய்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டும்தானே?

இந்தச் சண்டையில் புகைப்படக்காரர்களைக் குற்றம் சொல்லாமல் விட முடியாது. முழுச்சட்டக் கேமராவும் ஒரு நல்ல ஸூம் லென்ஸும் சேர்ந்தால் பத்தாயிரம் ரிங்கிட்டைச் சுலபமாகத் தாண்டும். அவ்வளவு காசு போட்டுக் கருவி வாங்குகிறவர், விலைப்பட்டியலில் ‘200 படம், ஒரு ஆல்பம், ஒரு ஃபிரேம் இலவசம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பயன்பாடு பற்றி ஒரு வரி இல்லை. ஏன் என்று கேட்டால், “கஸ்டமர் பயந்துருவாங்க பாஸ்.” அப்புறம் பதாகையில் படத்தைப் பார்த்ததும் நள்ளிரவில் வருத்தப் பதிவு. கேட்கப் பயந்த கேள்விக்குப் பதில் எப்படி வரும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மருதாணி, நலங்கு, பிள்ளையின் முதல் குளியல் என்று வீட்டுக்குள் எடுத்த படங்களைக் கேட்காமல் விளம்பரத்துக்குப் போடும் புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். “என் படம், என் கலை” என்பார்கள். உங்கள் கலையில் இருப்பது இன்னொருவருடைய முகம், இன்னொரு வீட்டின் கூடம். விவாகரத்தான பிறகும் தன் கல்யாணப் படம் ஒரு ஸ்டூடியோவின் முகப்பில் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? நல்ல ஒப்பந்தம் அவளையும் காக்கும். எந்தப் படங்களை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது, வேண்டாம் என்று சொன்னால் எத்தனை நாளில் எடுக்க வேண்டும் என்பதையும் அது சொல்லும். ஒப்பந்தம் என்றாலே கலைஞனின் கோரிக்கைப் பட்டியல் என்று நினைப்பவர்கள் அதைப் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு வழக்கறிஞர் வேண்டும், ஆங்கிலம் வேண்டும் என்பதெல்லாம் சாக்கு. பெரிய விளம்பர வேலை என்றால் வழக்கறிஞரிடம் போங்கள். ஒரு நூல் அட்டைக்கு, ஒரு விழாவுக்கு, ஒரு கல்யாணத்துக்கு ஒரு பக்கம் போதும். பதிப்புரிமை யாரிடம் இருக்கும்? எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? எங்கே, எத்தனை காலம்? வேறு யாருக்காவது அதே படத்தைத் தரலாமா? வெட்டவோ நிறம் மாற்றவோ செய்யலாமா? பெயர் எப்படி வரும்? படத்தில் இருப்பவர் மறுத்தால் என்ன செய்வது? ஏழு கேள்விக்கும் பதிலைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான். நாம் நாவலுக்கு முன்னுரை வாங்கக் காத்திருக்கும் நேரத்தில் இதைப்போல நூறு எழுதிவிடலாம்.

நம் பழைய இலக்கிய மலர்களை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு குழுப்படம் இருக்கும். கீழே, நிற்பவர்கள் இடமிருந்து வலம், அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம் என்று ஒருவர் விடாமல் பெயர் இருக்கும். செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் எல்லாரும் இருப்பார்கள். அவர்களுக்கு எதிரே நின்று “கொஞ்சம் நெருங்கி நில்லுங்க” என்று சொன்னவரின் பெயர் இருக்காது. அவர் யார் என்று தெரிந்திருந்தால் அவர் குடும்பத்தைத் தேடிப் போகலாம். நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்கலாம். அன்றைக்கு எடுத்து, மலரில் வராமல் போன மற்ற படங்கள் கிடைக்கலாம். நம் மூத்த எழுத்தாளர்களின் முகங்கள் இன்று நகலின் நகலாக, மங்கிப்போன ஒரே படமாகச் சுற்றிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர் இல்லாமையும் ஒரு காரணம். நன்றி கெட்டதனம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆவணம் தொலைந்தது என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

ஆகவே கேட்பது இதுதான். அடுத்த நூலை அச்சுக்கு அனுப்புகிறவர்கள், ஓவியரின் பெயர் போடும் அதே பக்கத்தில் புகைப்படம் எடுத்தவரின் பெயரையும் போடுங்கள். போடுவதற்கு முன் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இணைய இதழ்கள், இந்த இதழும் சேர்த்துத்தான், கட்டுரைக்கு மேலே வைக்கும் படத்தின் கீழ் அந்த ஒரு வரியை எழுதட்டும். கேமரா பிடிக்கும் நண்பர்கள், முன்பணம் போட வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பும்போதே அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். அவர்கள் நிலம் வாங்கும்போது அண்ணன் தம்பிக்குள்ளேயே கையெழுத்துப் போட்டவர்கள்தான்.